சபையாரைப் பிரசங்கத்துக்குப் பழக்குவது: சேகரங்களில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென் மாவட்டங்களில் ஒரு சேகரம் என்றால் பெரும்பாலும் ஒரு குருவானவர், ஐந்தாறு கிராம ஆலயங்கள். ஞாயிறு காலையில் அவர் பைக்கில் எவ்வளவு விரட்டிப் போனாலும் இரண்டு ஆலயம், மிஞ்சினால் மூன்று. மற்ற இடங்களில் சபை ஊழியர் ஆராதனை நடத்துவார். அவரும் வர முடியாத நாளில், ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவரையோ பெண்கள் ஐக்கிய சங்கத்துக் காரியதரிசியையோ கைகாட்டி, "இன்னைக்கு நீங்க செய்தி குடுத்திருங்க" என்று சொல்லிவிடுவார்கள். அப்படி எப்போதாவது எழுந்து நிற்கிறவர்களை முன்கூட்டியே தயார் செய்வது பற்றியது இந்தப் பக்கம். சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபைகளை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். லுத்தரன், மெதடிஸ்ட் சபைகளுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

குருப்பட்டம் இல்லாதவர் பிரசங்கம் பண்ணலாமா?

பண்ணலாம். சி.எஸ்.ஐ.யில் திருவிருந்து நடத்துவதுதான் குருப்பட்டம் பெற்றவருக்கு மட்டும் உரியது. பிரசங்கத்துக்கு அந்தக் கட்டு இல்லை. பெண்கள் ஞாயிறு, வாலிபர் ஞாயிறு போன்ற நாள்களில் சபையார் பேசுவது எல்லா ஊரிலும் நடக்கிற காரியம்தான். ஆனால் பீடத்தில் யார் ஏறுகிறார் என்பதற்குச் சேகர குருவானவர்தான் பொறுப்பு. அவருக்குத் தெரியாமல் கமிட்டி ஆளை ஏற்றக் கூடாது. பேராயரின் அனுமதிக் கடிதம் தேவையா என்பதை உங்கள் திருமண்டல அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

கத்தோலிக்கத் திருச்சபையில் நிலைமை வேறு. 1983-ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பின் 767-ஆம் பிரிவு, திருப்பலி மறையுரையைக் குருவுக்கும் திருத்தொண்டருக்கும் மட்டுமே விட்டிருக்கிறது. அதற்கு முந்தைய 766-ஆம் பிரிவு, தேவை உள்ள சூழலில் பொதுநிலையினர் (குருப்பட்டம் இல்லாத சபையார்) ஆலயத்தில் போதிக்க இடம் தருகிறது. திருப்பலிக்கு வெளியே நடக்கும் வழிபாடுகளுக்கு இங்கே சொல்வதில் பாதியாவது உதவும்.

இது புதுப் பழக்கமா? எங்கள் தாத்தா காலத்தில் ஐயர் (குருவானவர்) தானே பேசுவார்?

தாத்தாவுக்கும் முன்னால் போய்ப் பார்க்க வேண்டும். தரங்கம்பாடியில் 1733-இல் குருப்பட்டம் பெற்ற ஆரோன், புராட்டஸ்டன்ட் சபைகளில் முதல் இந்தியக் குரு. அதற்கு முன் பல ஆண்டுகள் அவர் உபதேசியாராக, அதாவது பட்டம் இல்லாத சம்பள ஊழியராக, ஊர் ஊராகப் போய்ப் பேசியவர். பாளையங்கோட்டையில் கிளாரிந்தா என்ற பெண் ஆலயம் கட்டியது 1785. அங்கே சபையை வளர்க்கத் தஞ்சாவூரிலிருந்து வந்த சத்தியநாதனும் முதலில் உபதேசியார்தான். 1790-இல்தான் அவருக்குக் குருப்பட்டம். திருநெல்வேலிச் சீமையில் பனங்காட்டுக் கிராமங்களுக்கு வசனம் போய்ச் சேர்ந்ததில் பெரும்பங்கு உபதேசியார்கள் நடந்தே போனதால் வந்தது. அவர்கள் சம்பள ஊழியர்கள், நாம் பேசுவது சம்பளம் இல்லாதவர்களைப் பற்றி. அந்த வித்தியாசம் உண்மைதான். ஆனாலும் பட்டம் வருவதற்கு முன்பே பிரசங்கம் வந்துவிட்டது என்பது நம் சபைகளின் சரித்திரத்திலேயே இருக்கிறது.

மெதடிஸ்ட் சபைகளில் இதற்கென்றே ஓர் ஏற்பாடு உண்டு. 1740-ஐ ஒட்டி லண்டனில், மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி ஊரில் இல்லாத நேரத்தில் தாமஸ் மேக்ஸ்ஃபீல்டு என்ற சாதாரண உதவியாளர் பிரசங்கம் பண்ண ஆரம்பித்துவிட்டார். கேள்விப்பட்டு வெஸ்லி கோபத்தோடு திரும்பி வந்தார். அவருடைய தாய் சூசன்னாதான், முதலில் நீ போய் அந்த ஆள் பேசுவதைக் கேள் என்று தடுத்து நிறுத்தினார். கேட்டார், விட்டுவிட்டார். மெதடிஸ்ட் சபையின் உள்ளூர்ப் பிரசங்கிகள் அந்த வழியில் வந்தவர்கள்.

யாரைத் தேர்ந்தெடுப்பது?

கணீரென்ற குரல் உள்ளவரை என்று கமிட்டி சொல்லும். அதைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். நான் முதலில் பார்ப்பது ஞாயிறு பள்ளி ஆசிரியர்களை. ஏழு வயதுப் பிள்ளைகளை இருபது நிமிடம் ஒரே இடத்தில் உட்கார வைத்துக் கதை சொல்லத் தெரிந்தவருக்குப் பெரியவர்கள் ஒரு பாடே இல்லை. அடுத்து, மற்றவர் பேசும்போது வேதத்தைத் திறந்து வைத்துக் கேட்கிறவர்கள். யார் என்று உங்களுக்கே தெரியும். இரண்டாவது மூன்றாவது வரிசையில்தான் இருப்பார்கள்.

பீடத்துக்காகத் துடிக்கிறவரைக் கொஞ்சம் காத்திருக்கச் சொல்வது நல்லது. "உங்களில் அநேகர் போதகராகாதிருப்பீர்களாக" என்று யாக்கோபு மூன்றாம் அதிகாரத்தை ஆரம்பிப்பது சும்மா இல்லை. இன்னொன்று, சேகரத் தேர்தலில் நிற்கப் போகிறவரைத் தேர்தல் முடியும்வரை பட்டியலில் சேர்க்க வேண்டாம். பிரசங்கம் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் கேட்கிறவன் காதில் ஓட்டுக் கேட்பதாகத்தான் விழும். தென் மாவட்டத் தேர்தல்களைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பெண்கள்?

கட்டாயம். சி.எஸ்.ஐ.யில் பெண்கள் குருப்பட்டம் பெற்றுப் பல பத்தாண்டுகள் ஆகின்றன; 2013-இல் நந்தியால் பேராயத்துக்குப் புஷ்பலலிதா அம்மையார் பேராயராகவே ஆனார். பேராயர் ஆகலாம், நம்மூர் ஆலயத்தில் பதினைந்து நிமிடம் பேசக் கூடாது என்றால் என்ன கணக்கு? அப்பொல்லோ என்ற பிரசங்கியை வீட்டுக்குக் கூட்டிப்போய் திருத்திச் சொல்லிக்கொடுத்ததில் கணவன் ஆக்கில்லாவோடு பிரிஸ்கில்லாளும் இருந்தாள் (அப்போஸ்தலர் 18). "பெண்கள் ஞாயிறுக்கு மட்டும்" என்று ஒதுக்கி வைப்பதும் சரியில்லை. வருஷத்துக்கு ஒரு தடவை என்றால் யாருக்குமே பழக்கம் வராது.

பயிற்சி எவ்வளவு காலம்? எப்படி நடத்துவது?

மாதம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம், இரண்டு மணி நேரம், ஆறு மாதம். அதற்குக் குறைந்தால் போதாது. அதற்கு மேல் இழுத்தால் ஆள் வரமாட்டார்கள். ஐந்தாறு பேர் இருந்தால் நல்லது, எட்டுக்கு மேல் வேண்டாம், ஏனென்றால் ஒவ்வொருவரும் பேசி எல்லாரும் கேட்க நேரம் வேண்டும். மூன்று நாள் முகாம் போட்டுச் சான்றிதழ் கொடுத்துக் குரூப் போட்டோ எடுக்கிற முறையும் இருக்கிறது. உற்சாகமாகத்தான் இருக்கும். அதில் கற்றது அடுத்த மாதமே மறந்துபோகும்.

படிப்படியாக ஏற்றுங்கள். முதலில் ஆராதனையில் வேதபாடம் வாசிப்பது, அப்புறம் வீட்டு ஜெபத்தில் ஐந்து நிமிடம், அதற்குப் பின் வாரநாள் ஜெபக்கூட்டம், கடைசியில்தான் ஞாயிறு ஆராதனை.

முதலில் எதைக் கற்றுக்கொடுக்க வேண்டும்?

வாசிக்க. சிரிக்காதீர்கள். பட்டதாரிகள்கூட வேதபாடத்தைத் தந்தி வாசிப்பது போல் வாசிக்கிறார்கள். பழைய திருப்புதலின் (பழைய வேத மொழிபெயர்ப்பின்) வாக்கியங்கள் நீளமானவை. வினைச்சொல் கடைசியில் வந்து சேர்வதற்குள் மூச்சு முட்டிவிடும். எங்கே நிறுத்த வேண்டும், யார் யாரிடம் பேசுகிறார் என்று தெரியாமல் வாசித்தால், புரியாமல் வாசிக்கிறார் என்பது சபைக்குத் தெரிந்துவிடும். பாடத்தைப் புரிந்துகொண்டவர்தான் சரியாக நிறுத்தி வாசிப்பார். அதனால் வாசிப்பைத் திருத்தினாலே பாதிப் பிரசங்கம் திருந்திவிடும். நெகேமியா எட்டாம் அதிகாரத்திலும் வரிசை அப்படித்தான்: முதலில் தீர்க்கமாக வாசித்தார்கள், பிறகு அர்த்தம் சொன்னார்கள்.

முதல் சனிக்கிழமை முழுவதும் இதற்கே போகட்டும். ஒருவர் வாசிக்க மற்றவர்கள் வேதத்தை மூடி வைத்துக்கொண்டு கேளுங்கள். முடிந்ததும், "என்ன நடந்தது?" என்று கேளுங்கள். யாராலும் சொல்ல முடியவில்லை என்றால் திரும்பவும் வாசிக்கட்டும்.

எந்தத் திருப்புதல்?

பீடத்தில் பழையது, சபையார் கையில் இருப்பது அதுதான். தயார் செய்யும்போது பக்கத்தில் 1995-இல் வந்த பொதுமொழிபெயர்ப்பும் இருக்கட்டும். இரண்டும் வேறுபடும் இடத்தில் நின்று யோசித்தால் நிறைய கிடைக்கும்.

ஒரு பிரசங்கத்தை எப்படித் தயார் செய்வது? ஓர் உதாரணம் சொல்ல முடியுமா?

எங்கள் குழுவில் நெல் பயிரிடுகிற ஒருவர் இருந்தார். அவருக்கு விழுந்த பாடம் மாற்கு 4:26-29. நிலத்தில் விதை போட்ட மனுஷன் தூங்கி எழுந்திருக்க, அவனுக்குத் தெரியாமலே விதை முளைத்து வளர்கிற உவமை. நாலே வசனம். அவர் முதலில் எழுதிக்கொண்டு வந்தது ஏழு பக்கம். விதை என்றால் வசனம் என்று ஆரம்பித்து, வழியருகே, கற்பாறை, முள் என்று வேறொரு உவமைக்குள் போய், அங்கிருந்து எதை விதைக்கிறானோ அதையே அறுப்பான் என்ற கலாத்தியருக்குத் தாவி, கண்ணீரோடே விதைக்கிறவர்கள் என்ற சங்கீதத்தில் முடித்திருந்தார். வேதத்தில் விதை எங்கெல்லாம் வருகிறதோ அங்கெல்லாம் ஒரு நடை போய்வந்துவிட்டார். புதிதாகப் பேசுகிறவர்களில் பத்துக்கு எட்டுப் பேர் இதைத்தான் செய்வார்கள், அனுபவசாலிகளில் பாதிப் பேரும்.

பேப்பரை மடித்து வைக்கச் சொல்லிவிட்டு, அந்த நாலு வசனத்தை மட்டும் சத்தமாக வாசிக்கச் சொன்னோம். திரும்பவும் ஒரு முறை. அப்புறம் ஒரு கேள்வி: "இந்த மனுஷன் என்னென்ன செய்கிறான்? எழுதுங்கள்." அவர் எழுதினார்: போடுகிறான், தூங்குகிறான், எழுந்திருக்கிறான், அறுக்கிறான். எழுதி முடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். பிறகு, "தண்ணி பாய்ச்சவே இல்லையே இவன். களை எடுக்கல. இது என்ன விவசாயம்?" என்றார். கோபம் மாதிரித்தான் இருந்தது.

பிரசங்கம் அங்கேதான் பிறந்தது. மூன்று முனை மின்சாரம் ராத்திரியில் வரும் நாள்களில் டார்ச் எடுத்துக்கொண்டு மோட்டார் ரூமுக்குப் போகிறவர் அவர். உவமையில் வருகிறவன் தூங்குகிறான். ஏன் இயேசு இவனைத் தூங்க வைத்தார்? பேசிப் பேசி அவரே ஒரு பதிலுக்கு வந்தார்: ராத்திரி எத்தனை தடவை போனாலும் தண்ணீர் விடலாமே தவிர, முளையை வெளியே இழுக்க முடியாது. அது நடக்கிற இடத்தில் நமக்கு வேலை இல்லை. அடுத்த கேள்வி: "இதை இந்த ஞாயிறு நம் ஆலயத்தில் யார் கேட்க வேண்டும்?" சென்னைக்கு வேலைக்குப் போய் ஆலயத்தை மறந்துவிட்ட மகனுக்காகத் தினமும் அழுகிற தாய்மார் இரண்டு மூன்று பேர் அவர் மனதில் வந்தார்கள். அவர்களைப் பெயர் சொல்லாமல், அவர்களை நினைத்தே எழுதினார்.

கடைசியில் ஒரே வாக்கியத்தில் சொல்லச் சொன்னோம். "போட வேண்டியதைப் போட்டாச்சு, இனி நிம்மதியா தூங்குங்க, முளைக்க வைக்கிறவர் முழிச்சிருக்கார்." இதில் சேராத எல்லாவற்றையும் அடிக்கச் சொன்னோம். சங்கீதம் போவதற்குத்தான் அவருக்கு மனசே இல்லை. ஆனாலும் அடித்தார். ஏழு பக்கம் மூன்றாகச் சுருங்கியது.

முறை என்று கேட்டால் அவ்வளவுதான்: பாடத்தை விட்டு வெளியே ஓடாமல் பலமுறை வாசிப்பது, இடறுகிற இடத்தில் நிற்பது, அதைக் கேட்க வேண்டியவர் யார் என்று யோசிப்பது, ஒரு வாக்கியத்தில் எழுதுவது, மற்றதை அடிப்பது. திங்கட்கிழமையே பாடத்தை வாசித்துவிட்டால் ஒன்றிரண்டு நாளில் ஏதாவது பிடிபடும். சனி ராத்திரி பத்து மணிக்கு உட்கார்ந்தால் பழைய குறிப்புதான் கைக்கு வரும்.

எவ்வளவு நேரம் பேசலாம்?

பதினைந்து நிமிடம். பவுல் நடுராத்திரி வரை பேசியபோது ஐத்திகு என்ற வாலிபன் ஜன்னலிலிருந்து தூங்கி விழுந்தான். பவுலுக்கே அந்த நிலைமை. விழுந்தவனை எழுப்பும் வரம் நம்மிடம் இல்லை என்பதால் நேரத்துக்கு முடிப்பது நல்லது.

"தகுதியில்லாத என்னை இந்த இடத்தில் நிறுத்திய" என்று தொடங்கி, கமிட்டிக்கும் சங்கத்துக்கும் நன்றி சொல்லி, நீண்ட ஜெபம் பண்ணி முடிப்பதற்குள் நாலு நிமிடம் போய்விடும். அதை வெட்டினாலே பாதிப் பிரச்சினை தீரும். நேரே பாடத்துக்குப் போங்கள்.

எழுதி வாசிக்கலாமா, மனதிலிருந்து பேச வேண்டுமா?

முதல் சில தடவை முழுவதும் எழுதுங்கள். எழுதியதை வீட்டில் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். எழுத்துநடையில் இருப்பதெல்லாம் வாயில் சிக்கும், அங்கே மாற்றுங்கள். பீடத்துக்குக் குறிப்பு மட்டும் போதும், ஆனால் முதல் வாக்கியமும் கடைசி வாக்கியமும் எழுத்தில் இருக்கட்டும். முடிக்கத் தெரியாமல் விமானம் மாதிரி வட்டமடிக்கிறவர்களை எல்லாரும் பார்த்திருக்கிறோம். போனில் குறிப்பு வைத்திருந்தால் ஏரோபிளேன் மோடில் போடுங்கள்.

உதாரணக் கதைகள் சொல்லலாமா?

சொல்லலாம், உண்மையாக இருந்தால். வாட்ஸ்அப்பில் சுற்றுகிற பிரசங்கக் கதைகளில் பல, விசாரித்தால் நிற்காது. நாற்பது வயதில் கழுகு மலை உச்சிக்குப் போய் அலகைப் பாறையில் மோதி உடைத்து, இறகுகளைப் பிடுங்கி, மறுபடி இளமையாகிறது என்று ஒரு கதை. ஏசாயா 40:31-ஐ எடுத்தாலே அது பின்னாடியே வந்துவிடும். எந்தக் கழுகும் அப்படிச் செய்வதில்லை. அலகு உடைந்த கழுகு இரை எடுக்க முடியாமல் சாகும். எருசலேமில் ஊசியின் காது என்ற சின்ன வாசல் இருந்தது, ஒட்டகம் மண்டியிட்டு நுழையும் என்பதற்கும் இயேசுவின் காலத்துச் சான்று கிடையாது. அந்த விளக்கம் இயேசு சொன்ன கடினமான வார்த்தையைப் பணக்காரருக்கு வசதியாக இளக்கிக் கொடுக்கிறது, அதனால்தான் இவ்வளவு பிரபலம் என்பது என் சந்தேகம். பிரதான ஆசாரியன் காலில் கயிறு கட்டி மகா பரிசுத்த ஸ்தலத்துக்குள் அனுப்பினார்கள் என்பது வேதத்தில் எங்கும் இல்லை. இடைக்காலத்து யூத நூலில்தான் அப்படி ஒன்று தென்படுகிறது.

ஆலயத்தில் உட்கார்ந்திருக்கிற பிளஸ் டூ பையன் கையில் போன் இருக்கிறது. கழுகுக் கதையை அவன் அங்கேயே தேடிப் பார்த்துவிட்டால், அதற்குப் பின் நீங்கள் சொல்லும் உயிர்த்தெழுதலையும் அதே கண்ணோடு பார்ப்பான். உங்கள் வேலையிலிருந்து சொல்லுங்கள். செவிலியர், பஸ் கண்டக்டர், தையல்காரர், கடன்சங்கக் கணக்கர், இவர்களுக்குத் தெரிந்தது குருவானவருக்குத் தெரியாது. சபையாரைப் பேச வைப்பதில் சபைக்குக் கிடைக்கும் பெரிய லாபமே அதுதான்.

யூடியூபில் கேட்ட நல்ல செய்தியை அப்படியே சொன்னால் என்ன?

உங்களுக்கு முன்னால் சபையில் பாதிப் பேர் அதைக் கேட்டிருப்பார்கள். சொல்லும் விதமும் கூடவே வந்து ஒட்டிக்கொள்ளும்: அந்த இழுவை, அந்த "அல்லேலூயா சொல்லுங்க பார்ப்போம்". உங்கள் பாட்டிக்கு உங்கள் குரல் தெரியும். வேறு யாரோ பேசுகிறார் என்று கண்டுபிடித்துவிடுவார்.

சாட்சி சொன்னால் பிரசங்கம் ஆகாதா?

ஆகாது. சாட்சி நல்லது, அதற்கு வேறு நேரம் உண்டு. பாடத்தை விளக்க உங்கள் அனுபவம் இரண்டு நிமிடம் வரலாம். உங்கள் அனுபவத்துக்குத் துணையாகப் பாடம் வருகிறதென்றால் வண்டி பின்னோக்கி ஓடுகிறது.

பேசக் கூடாதது என்ன?

ஊர்ச் சண்டை, குடும்பப் பங்குச் சண்டை, கமிட்டிக் கணக்கு, தேர்தல். பெயர் சொல்லாவிட்டாலும் கிராமத்தில் எல்லாருக்கும் புரியும். பாடம் பிளவைப் பற்றியோ சாதியைப் பற்றியோ பேசினால் ஒளிக்காமல் பேச வேண்டும்தான். ஆனால் அந்த ஞாயிறைப் புதியவர் தலையில் கட்டாதீர்கள், குருவானவரே பேசட்டும்.

சொந்த ஊரில் "இவன் என்ன சொல்றது" என்பார்களே?

சொல்வார்கள். தீர்க்கதரிசி தன் ஊரிலே அங்கீகரிக்கப்படமாட்டான் என்பது நாசரேத்திலேயே நடந்த காரியம். அதனால் முதல் பிரசங்கத்துக்குச் சேகரத்தின் வேறொரு ஆலயத்துக்கு அனுப்புங்கள். அங்கே நன்றாகப் பேசினார் என்ற பேச்சு அவருக்கு முன்னால் ஊருக்கு வந்து சேர்ந்துவிடும்.

தப்பைத் திருத்துவது யார், எப்போது?

பயிற்சி உண்மையில் நடப்பது இங்கேதான், பல சேகரங்கள் விட்டுவிடுவதும் இதைத்தான். வகுப்பு நடத்துவார்கள், பேச வைப்பார்கள், அதோடு சரி. ஆராதனை முடிந்து வெளியே வந்தால் "நல்லா இருந்துச்சு தம்பி" என்பார்கள். அதை வைத்து ஒருவரும் வளர முடியாது.

வியாழக்கிழமைக்குள் எழுதியதைக் குருவானவரோ பொறுப்பாளரோ வாசித்துவிட வேண்டும். உபதேசப் பிழை இருந்தால் அங்கேயே தெரியும். ஞாயிறன்று ஆலய வாசலில் எந்தத் திருத்தமும் வேண்டாம். அன்றைக்கு அவர் சாப்பிட்டுத் தூங்கட்டும். இரண்டு மூன்று நாள் கழித்து, தனியாக உட்கார்ந்து, முதலில் அவரையே கேளுங்கள்: எந்த இடத்தில் சபை நிமிர்ந்து உட்கார்ந்தது, எங்கே விசிறி எடுத்தார்கள்? பேசியவருக்குத் தெரிந்திருக்கும். பிறகு திருத்த வேண்டிய ஒன்றை மட்டும் சொல்லுங்கள். ஒரே நாளில் பத்துக் குறை சொன்னால் அடுத்த தடவை வரமாட்டார். அப்பொல்லோவைச் சபைக்கு முன்னால் நிறுத்தி ஆக்கில்லா தம்பதி திருத்தவில்லை. தனியே சேர்த்துக்கொண்டுதான் சொன்னார்கள்.

சபை ஊழியருக்கு மனவருத்தம் வராதா?

வரும். தன் இடத்தை எடுக்கப் பார்க்கிறார்கள் என்று நினைப்பது இயல்பு. அவரை மாணவராக உட்கார வைக்காமல் பயிற்சியாளர்களில் ஒருவராக வையுங்கள். வாரம் தவறாமல் பேசுகிறவர் அவர். புதியவர்களுக்குச் சொல்ல அவரிடம் நிறைய இருக்கும்.

காணிக்கைக் கவர் கொடுக்கலாமா?

பஸ் செலவு, பெட்ரோல் செலவு கொடுங்கள். அதற்கு மேல் வேண்டாம்.

எத்தனை நாளுக்கு ஒரு முறை வாய்ப்பு தருவது?

இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை. அதைவிட இடைவெளி கூடினால் ஒவ்வொரு தடவையும் முதல் தடவை மாதிரி கை நடுங்கும். மாதம் இரண்டு என்று ஆனால் வேலையும் குடும்பமும் உள்ளவருக்குத் தயார் செய்ய நேரம் இருக்காது. அல்மனாக்கை (ஞாயிறு பாடங்கள் உள்ள சபை நாள்காட்டியை) பார்த்து மூன்று மாதத்துக்கான பட்டியலைப் பாடங்களோடு முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள்.

பயிற்சி முடித்தும் ஒருவருக்குப் பிரசங்கம் வரவில்லை என்றால்?

சொல்லிவிடுங்கள், குருவானவரே நேரில், தயவாக. கமிட்டி ஆள் மூலம் காதில் விழ விடாதீர்கள். அவருக்கு வேறு எது நன்றாக வருகிறது என்று ஆறு மாதத்தில் உங்களுக்குத் தெரிந்திருக்கும். எங்கள் குழுவில் ஒருவருக்கு எழுந்து நின்றாலே வார்த்தை வராது. ஆனால் வேதபாடம் வாசித்தால் ஆலயத்தில் குழந்தைகூட அசையாது. இப்போது பெரிய வெள்ளிக்கிழமை பாடுகளின் வாசிப்பு அவருடையது.